கயிலைக் குழுப் பயணம்: ஆயத்தமும் விதியொழுக்கமும்

1. ஆய்வுப் பொருளும் கருதுகோளும்

திருநாவுக்கரசர் கயிலைக்கு நடந்த நடையைப் பெரியபுராணம் விரிவாகச் சொல்கிறது. பாதம் தேய்ந்தபின் கையை ஊன்றினார். கை தேய்ந்தபின் மார்பால் தவழ்ந்தார். கடைசியில் ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி பெற்றார். ஆடி அமாவாசைதோறும் திருவையாற்றில் அந்தக் காட்சி விழாவாக நடக்கிறது. கயிலை என்றதும் தமிழர் மனத்தில் எழுவது இந்தத் தனி நடைதான்.

இன்று அப்படித் தனியே போக வழியில்லை. திபெத்துக்குள் வெளிநாட்டவர் தம் விருப்பப்படி சுற்ற முடியாது. பதிவு பெற்ற பயண நிறுவனம், வழிகாட்டி, அனுமதிச் சீட்டு ஆகியவற்றோடு ஒரு குழுவின் உறுப்பினராகவே நுழைய வேண்டும். கடன் வாங்கியோ நகையை விற்றோ புறப்படுகிற ஒரு மதுரைக்காரர், முன்பின் அறியாத நாற்பது ஐம்பது பேரோடு சேர்த்து ஒரே அலகாக எண்ணப்படுகிறார். அவர் எல்லையைத் தாண்டுவதும் தாண்டாததும் அந்த அலகைப் பொறுத்தது.

இக்கட்டுரை முன்வைக்கும் கருதுகோள் இது: வெளிநாட்டுக் குழுப் பயணத்தில் விதியை மீறுகிறவர் ஒருவராகவும் அதற்கான விலையைக் கொடுக்கிறவர்கள் வேறு பலராகவும் இருக்கிறார்கள். ஆகவே ஆயத்தம் என்பதைத் தனி ஆளின் பெட்டியிலிருந்து தொடங்காமல் குழுவிலிருந்து தொடங்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா என்று எந்தச் சுற்றுலாவுக்கும் இது பொருந்தும். ஆனால் அரசின் விதி, மலையின் விதி, கூட்டத்தின் விதி மூன்றும் ஒரே பாதையில் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு நிற்பது கயிலை மானசரோவரில்தான். அதனால் அதையே ஆய்வுக்களமாகக் கொள்கிறேன்.

2. வழிகளின் வரலாறு

இந்திய வெளியுறவு அமைச்சகம் 1981 முதல் இந்த யாத்திரையை நடத்துகிறது. உத்தராகண்டின் லிபுலேக் கணவாய் முதல் வழி. சிக்கிமின் நாது லா 2015இல் இரண்டாவது வழியாகத் திறந்தது. 2017இல் தோக்லாம் எல்லைப் பதற்றம் எழுந்தபோது அந்த ஆண்டு நாது லா மூடப்பட்டது. கொரோனாவால் 2020இல் இரண்டு வழிகளும் நின்றன. ஐந்து ஆண்டுகள் கழித்து 2025இல் யாத்திரை மீண்டும் தொடங்கியபோது லிபுலேக் வழியாக ஐம்பது பேர் கொண்ட 5 குழுக்களும் நாது லா வழியாக 10 குழுக்களும் அனுமதிக்கப்பட்டன. மொத்தம் 750 பேர். கணினிக் குலுக்கலில் இடம் கிடைக்காதவர்களும் காத்திருக்க மனமில்லாதவர்களும் தனியார் ஏற்பாட்டில் நேபாளம் வழியாகப் போகிறார்கள். அங்கே காட்மாண்டுவிலிருந்து ரசுவாகடி, கேரூங், சாகா என்று செல்லும் சாலை வழி ஒன்று. நேபாள்கஞ்சிலிருந்து சிமிகோட், ஹில்சா என்று விமானமும் ஹெலிகாப்டரும் மாறிப் போகும் வழி மற்றொன்று. பழைய கோடாரி வழி 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பின் கைவிடப்பட்டது.

இந்த வரலாற்றில் ஒரு நிகழ்வை விரைந்து கடக்க முடியாது. 1998 ஆகஸ்ட் 17ஆம் நாள் பின்னிரவில், லிபுலேக் பாதையில் உள்ள மால்பா முகாமின்மேல் மலை சரிந்தது. 60 யாத்திரிகர் உட்பட 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒடிசி நடனக் கலைஞர் புரோதிமா பேடியும் அவர்களில் ஒருவர். அவர்கள் எந்த விதியையும் மீறியவர்கள் அல்லர். எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களையும் அந்த மலை கொண்டுபோகும் என்பதை ஏற்றுக்கொண்டே ஆயத்தத்தைப் பற்றிப் பேச வேண்டும். எழுபது வயதுக்கு மேல் சேர்க்காதது, மருத்துவர் தடுத்தால் திரும்பச் சொல்வது, உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வாங்குவது முதலியவற்றைச் சிலர் அதிகாரிகளின் கெடுபிடி என்கிறார்கள். மலைச்சரிவும் மூச்சுத் திணறலும் கண்ட ஒரு பாதைக்கு இவை மிகையான விதிகள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

3. ஆவணங்கள்

3.1 பெயர்

தமிழ்நாட்டுப் பயணிக்கு முதல் சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து இருக்கிறது. ஒருவருடைய பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரித்து எழுதப்பட்டிருக்கும், ஆதாரில் ஒற்றை எழுத்தாக நிற்கும், விமானச் சீட்டில் ஏஜென்ட் தன் கைப்போக்கில் முன்னும் பின்னுமாக மாற்றி அடித்திருப்பார். சில பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாகவே இருக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவோடு வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தது. தந்தை பெயரைத் தன் பெயருக்குத் தலைப்பாகச் சுமப்பது நம் மரபு. அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே விசா விண்ணப்பத்திலும் சீட்டிலும் எழுதவைப்பது நம் பொறுப்பு. குழுவாகப் போகும்போது இது இரட்டிப்புப் பொறுப்பு. காரணம் அடுத்த பிரிவில் தெரியும்.

பாஸ்போர்ட்டின் காலாவதியை எல்லாரும் பார்க்கிறார்கள். பயணத் தேதிக்குப் பின் ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா, வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றனவா என்பதைப் பார்ப்பவர் குறைவு.

3.2 ஒரே தாளில் அனைவரும்

திபெத் செல்லும் குழுவுக்குச் சீனா தருவது பெரும்பாலும் குழு விசா. பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் தனி விசா போன்றதன்று அது. ஒரு தனித் தாளில் குழுவினர் அனைவருடைய பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். எல்லையில் அந்த வரிசைப்படியே நிற்க வேண்டும். பதினேழாம் பெயருக்குரியவர் கழிப்பறையில் இருந்தால் பதினெட்டாமவரும் காத்து நிற்க வேண்டும். சேர்ந்து நுழைவோர் சேர்ந்தே வெளியேற வேண்டும். இடையில் ஒருவர் நோயுற்றுத் திரும்ப நேர்ந்தால் அவரைத் தாளிலிருந்து பிரிக்கத் தனி நடைமுறை தேவை. வழிகாட்டி அதற்காக அலுவலகம் அலுவலகமாக ஓட வேண்டும். அந்த நேரத்தில், மற்றவர்கள் கயிலையைச் சுற்றிவரும் பரிக்கிரமை நாள் கரைகிறது.

என் கருதுகோளுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. குழு என்பது வாயளவில் சொல்லும் உறவாக இருந்தது போய், அரசு முத்திரை பதித்த தாளாகவே ஆகிவிடுகிறது. பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் பிழையானால் பிழைக்கு உரியவர் ஒருவர், எல்லைச் சாவடியில் குளிரில் நிற்பவர்கள் நாற்பது பேர். ஆகவே தாள் கையில் வந்தவுடன் குழுத் தலைவர் ஒவ்வொருவரையும் அழைத்து, அவரவர் பாஸ்போர்ட்டை அவரவரே திறந்து வைத்துக்கொண்டு எண்ணை உரக்கப் படித்துச் சரிபார்க்கச் செய்ய வேண்டும். ஏஜென்ட் பார்த்துவிட்டார் என்பது போதாது.

3.3 கையொப்பமிடும் பத்திரங்கள்

அரசு யாத்திரைக்குத் தேர்வானவர் மூன்று எழுத்துறுதிகள் தர வேண்டும். நோட்டரி அல்லது நீதித்துறை நடுவர் முன் முத்திரைத்தாளில் எழுதும் ஈட்டுறுதிப் பத்திரம் ஒன்று. அவசர நிலையில் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டால் அதன் செலவை ஏற்பதாகத் தரும் உறுதிமொழி மற்றொன்று. சீன எல்லைக்குள் இறக்க நேர்ந்தால் உடலை அங்கேயே எரியூட்டச் சம்மதம் என்பது மூன்றாவது.

மூன்றாவது பத்திரத்தை எத்தனை பேர் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள்? ஆங்கிலத்தில் இருக்கிறது, ஏஜென்டோ மகனோ புள்ளியிட்ட இடத்தைக் காட்டுகிறார், அம்மா கையெழுத்திடுகிறார். தன் உடல் ஊருக்குத் திரும்பாது என்பதையும் கொள்ளிவைக்கப் பிள்ளை அருகில் இருக்க மாட்டான் என்பதையும் அந்தத் தாயும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பேசாமல் விட்ட குடும்பங்களில் துக்கத்தோடு சேர்ந்து, யாரைக் குற்றம் சொல்வது என்ற சண்டையும் எழும். கயிலையில் உயிர் போனால் புண்ணியம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அது உண்மையான நம்பிக்கை என்றால் வீட்டார் முன் வாய்விட்டுச் சொல்லிவிட்டே புறப்படலாம்.

4. உடல்

4.1 உயரம் என்னும் விதி

தமிழ்நாட்டின் மிக உயர்ந்த இடம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். மானசரோவர்க் கரை ஏறக்குறைய 4,590 மீட்டர். பரிக்கிரமையின் இரண்டாம் நாள் கடக்கும் டோல்மா லா கணவாய் 5,630 மீட்டர். அதாவது தொட்டபெட்டாவின்மேல் இன்னொரு தொட்டபெட்டாவை வைத்து, அதற்கும் மேலே ஏற வேண்டும். ஏறக்குறைய 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியாகிவிடும். காற்றில் பிராணவாயுவின் விகிதம் அதேதான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவுதான் பாதி.

உடல் இதற்குப் பழகும், ஆனால் நாள் கேட்கும். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அதே உயரத்தில் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொதுவிதி. நம் பயணத் திட்டங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் கவலை பிறக்கிறது. கேரூங் சுமார் 2,800 மீட்டர். அடுத்த தங்கலான சாகா 4,500 மீட்டரை ஒட்டியது. பேருந்தில் ஒரே பகலில் ஏறிவிடுகிறார்கள். ஹெலிகாப்டர் வழியில் இதைவிட வேகம்: தராய்ச் சமவெளியில் இருக்கும் நேபாள்கஞ்சிலிருந்து, 3,600 மீட்டரைத் தாண்டிய ஹில்சாவுக்கு ஓரிரு நாளில் போய்விடலாம். விடுப்பு குறைவு, செலவு குறைய வேண்டும் என்று நாள்களை வெட்டும்போது வெட்டப்படுவது பெரும்பாலும் ஓய்வு நாள்தான். ஒரு நிறுவனத்தின் திட்டத்தையும் இன்னொன்றின் திட்டத்தையும் ஒப்பிடும்போது நாம் விலையைப் பார்க்கிறோம், சாப்பாடு தென்னிந்தியச் சமையலா என்று கேட்கிறோம். எந்த ஊரில் எத்தனை இரவு தங்குகிறோம், அந்த ஊரின் உயரம் என்ன என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

உயர நோயின் தொடக்கம் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை. இவற்றைப் பயணக் களைப்பு என்று ஒதுக்கக் கூடாது. உயரத்தில் வரும் எந்தத் தலைவலியும், வேறு காரணம் நிறுவப்படும் வரை, உயரத்தால் வந்ததே என்று கொள்வதுதான் பாதுகாப்பு. அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது; கூடினால் இறங்க வேண்டும். நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது. இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. அசெட்டசோலமைடு மாத்திரை பழகுவதற்கு உதவும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இருப்பதால் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். கற்பூரத்தைத் துணியில் கட்டி முகர்ந்தால் மூச்சு சீராகும் என்ற நம்பிக்கை யாத்திரிகரிடையே பரவலாக இருக்கிறது. மணம் மூக்கைத் திறந்ததுபோல் தோன்றவைக்கும்; ரத்தத்தில் பிராணவாயுவைக் கூட்டாது. கற்பூரத்தை நம்பி இறங்காமல் இருப்பதுதான் ஆபத்து. அதேபோல் பிரதோஷம், ஏகாதசி என்று அங்கேயும் உபவாசம் இருப்பவர்கள் தண்ணீரையாவது குறைக்கக் கூடாது.

4.2 மறைப்பு

அரசு யாத்திரைக்கு விதிகள் தெளிவு. வயது 18க்குக் குறையாமலும் 70க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். உடல் நிறைக் குறியீடு 25 அல்லது அதற்குக் கீழ். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 68 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று பொருள். டில்லியில் டிரெட்மில் ஓட்டம் உட்பட முழுப் பரிசோதனை. பின்பு லிபுலேக் வழியில் குஞ்சியிலும் நாது லா வழியில் ஷெராதாங்கிலும் உயரத்தில் வைத்து மறுபரிசோதனை. டில்லியில் தேறியவர் குஞ்சியில் தடுக்கப்படலாம். ஊரில் மாலை போட்டு வழியனுப்பிய பிறகு பாதியில் திரும்புவது எவ்வளவு வேதனை என்பது புரிகிறது. ஆனாலும் அந்த மருத்துவர் அந்த ஆளின் உயிருக்கு மட்டும் பொறுப்பாளி அல்லர், அவரோடு நடக்கப்போகும் நாற்பத்தொன்பது பேரின் பயணத்துக்கும் பொறுப்பாளி.

நேபாளம் வழியாகப் போகும் தனியார் குழுக்களுக்கு இந்த அரசுப் பரிசோதனை இல்லை. ஏஜென்ட் ஒரு படிவம் தருவார். குடும்ப மருத்துவர் தகுதி என்று கையெழுத்திடுவார். மறைப்பு நுழைவது இந்த இடத்தில்தான். பிரஷர் இருக்கிறது, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது, எதற்குச் சொல்ல வேண்டும் என்கிறார் ஒருவர். ஸ்டென்ட் வைத்து மூன்று ஆண்டு ஆகிவிட்டதே என்கிறார் இன்னொருவர். சொன்னால் சேர்க்க மாட்டார்கள் என்ற அச்சமே காரணம். அந்த அச்சத்தைப் பழிக்க நான் முன்வரவில்லை. வாழ்நாள் முழுதும் ஏங்கிய மலை அது. ஆனால் இந்த மறைப்பு எங்கே போய் நிற்கிறது என்பதைப் பாருங்கள். பரிக்கிரமைப் பாதையிலுள்ள திராபுக் தங்கலில் நள்ளிரவில் அவருக்கு நெஞ்சு அடைக்கிறது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாது. வழிகாட்டிக்குத் தெரியாது. கீழே இறக்க வண்டி வேண்டும், துணைக்கு ஒருவர் போக வேண்டும், அந்தத் துணைக்குப் பரிக்கிரமை இல்லை. காப்பீட்டு நிறுவனம் முன்பே இருந்த நோயைச் சொல்லவில்லை என்று கோரிக்கையை மறுக்கலாம். பல பாலிசிகளில் குறிப்பிட்ட உயரத்துக்குமேல் மீட்புச் செலவு தருவதில்லை என்ற நிபந்தனையும் சிறிய எழுத்தில் இருக்கும். ஒருவர் சொல்லாமல் விட்ட ஒரு வரியின் விலை இத்தனை பேர்மேல் விழுகிறது.

ஆகவே தனியார் குழுக்களும் அரசு யாத்திரையின் மருத்துவ அளவுகோலைத் தாமாகவே ஏற்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் உறுதியான நிலைப்பாடு. அதில் தேறாதவர்க்கு மானசரோவர்க் கரையோடு நிற்கும் பயணத்தைப் பற்றி இதய மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம். பரிக்கிரமையை விட்டவர் பாதிப் பயணி என்று யாரும் எண்ணத் தேவையில்லை. கயிலையின் தென்முகத்தைத் தார்ச்சென் ஊரிலிருந்தே காணலாம்.

4.3 நாற்பத்தொரு நாள்

பரிக்கிரமை சுமார் 52 கிலோமீட்டர், மூன்று நாள். இரண்டாம் நாள்தான் கடினம்: டோல்மா லாவில் ஏறி, மறுபுறம் செங்குத்தாக இறங்கி, 20 கிலோமீட்டர் அளவுக்கு நடக்க வேண்டும். குதிரை அமர்த்தியவர்களும் கணவாய்க்கு அப்பாலுள்ள இறக்கத்தில் நடந்தே ஆக வேண்டும். இதற்கு ஒரு வாரப் பழக்கம் எதற்கும் பயன்படாது. சபரிமலைக்கு நாம் ஒரு மண்டலம் விரதம் இருக்கிறோம். அந்த நாற்பத்தொரு நாள் கணக்கு நம் உடலுக்கும் மனத்துக்கும் ஏற்கெனவே தெரிந்தது. அதையே இங்கும் கொள்ளலாம்: முதல் வாரம் தட்டையான சாலை, பிறகு படிக்கட்டு, பிறகு முதுகில் ஐந்து கிலோ சுமையோடு பழனி, பர்வதமலை, வெள்ளியங்கிரி போன்ற மலைகள். வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறி மறுநாள் கால் பிடிக்காமல் எழ முடிந்தால் கால்கள் ஆயத்தம் என்று கொள்ளலாம். கால்கள் மட்டும்தான். நுரையீரலை ஊரில் வைத்துப் பழக்க முடியாது. அதற்கு மேலே தங்கும் நாள்களே மருந்து.

5. நாட்டின் விதி

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் விதிகள் வெளிப்படையானவை. தலாய் லாமாவின் படம், திபெத் கொடி, அவை அச்சிடப்பட்ட புத்தகம் எதையும் கொண்டுபோகக் கூடாது. செல்பேசியில் இருக்கும் படமும் இதில் அடங்கும். ராணுவம், சாவடி, எல்லைப் பாலம் ஆகியவற்றைப் படம் எடுக்கக் கூடாது. அனுமதி பெறாத டிரோனும் செயற்கைக்கோள் தொலைபேசியும் வேண்டாம். மானசரோவரில் இறங்கிக் குளிக்க அண்மை ஆண்டுகளில் கட்டுப்பாடு இருக்கிறது. வாளியில் மொண்டு கரையில் குளிக்கச் சொன்னால் அப்படியே செய்ய வேண்டும். திபெத்தியருக்கும் பௌத்தர், சமணர், ‘பொன்’ என்னும் திபெத்தியச் சமயத்தார் ஆகியோர்க்கும் அது புனித இடம். சோப்பையும் பிளாஸ்டிக் உறையில் விற்ற பூசைப் பொருளையும் அங்கே விட்டுவர நமக்கு உரிமையில்லை.

கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல். திபெத் முழுவதும் பெய்ஜிங் நேரம். நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். நேபாள நேரம் நம்மைவிடப் பதினைந்து நிமிடம் முன்னால். மானசரோவரில் சூரியன் உச்சிக்கு வரும்போது அந்த ஊர்க் கடிகாரம் பிற்பகல் இரண்டரையைக் காட்டும். காலை ஆறு மணிக்கு வண்டி என்று வழிகாட்டி சொன்னால் எந்த ஆறு மணி என்று கேட்க வேண்டும். கேரூங் எல்லையைத் தாண்டியவுடன் எல்லாரும் ஒரே நேரத்தில் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வது சின்னச் செயல். நாற்பது பேரின் ஒரு காலைப்பொழுதை அது காக்கும்.

6. கூட்டத்தின் விதி

தமிழருக்குக் குழுப் பயணம் புதிதன்று. பாலை நிலத்தைக் கடந்த வணிகக் கூட்டத்துக்குப் பழந்தமிழில் சாத்து என்று பெயர். நகரத்தார் காவடி எடுத்துப் பழனிக்கு நடப்பது பல தலைமுறைகளாகத் தொடரும் கூட்டு நடை. எங்கே தங்குவது, எப்போது புறப்படுவது என்பதெல்லாம் வழக்காகவே வகுக்கப்பட்டவை. சபரிமலைக் குழுவில் குருசாமி இருக்கிறார். அவர் சொன்னால் நூறு பேர் எழுவார்கள், நூறு பேர் உட்காருவார்கள். கன்னிசாமியின் இருமுடியை அவர் கைதான் கட்டும். அவர் அதிகாரம் பணத்தால் வந்ததன்று; முன்பே நடந்த அனுபவத்தால் வந்தது.

வெளிநாட்டுச் சுற்றுலாவில் இந்த இடம் காலியாக இருக்கிறது. டூர் மேனேஜர் நிறுவனத்தின் ஊழியர். பயணி அவரை, நான் காசு கொடுத்தவன் என்ற தோரணையில் பேசுகிறார். அரசு யாத்திரையில் தொடர்பு அலுவலருக்கு அதிகாரம் உண்டு. தனியார் குழுவில் அதுவும் இல்லை. ஆகவே குழு தனக்கொரு குருசாமியைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். முன்பு ஒருமுறையாவது சென்றவராக, பெரும்பாலோர் மதிப்பவராக இருக்க வேண்டும். அவருக்கு இரண்டு அதிகாரங்கள் போதும். உடல் நலம் குன்றியவரை மேலே ஏறாமல் நிறுத்துவது ஒன்று. தாமதிப்பவருக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று முடிவு செய்வது மற்றொன்று. இவற்றை ஊரிலேயே அனைவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். 5,000 மீட்டரில் வாக்கெடுப்பு நடத்த முடியாது. அந்த உயரத்தில் நிதானம் குறையும், எரிச்சல் மிகும். அதுவும் உயரத்தின் விளைவே.

இருவர் இருவராகச் சேர்ப்பதும் தேவை. கணவனும் மனைவியும் ஒரு சோடி என்று விட்டுவிடாமல், ஒவ்வொருவருக்கும் குடும்பத்துக்கு வெளியே ஒரு துணை இருக்கட்டும். என் மாத்திரை எந்தப் பையில், என் ரத்த வகை என்ன, என் வீட்டு எண் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும். கொரோனாக் காலத்தில் வாங்கி அலமாரியில் கிடக்கும் பிராணவாயு அளவுமானியை எடுத்துவந்து, காலையும் மாலையும் துணையின் விரலில் மாட்டிக் குறித்துவைக்கலாம். ஒற்றை எண்ணைக் கண்டு பதற வேண்டாம். நாளுக்கு நாள் இறங்குகிறதா, மற்றவர்களைவிட மிகவும் தாழ்ந்திருக்கிறதா என்பதே கவனிக்க வேண்டியது.

7. வழி அடைபடும்போது

2018 ஜூலையில் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் மோசமான வானிலையால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டனர். காட்மாண்டுவிலுள்ள இந்தியத் தூதரகம் தமிழிலும் மற்றத் தென்னக மொழிகளிலும் பேசக்கூடியவர்களைக் கொண்டு அவசரத் தொலைபேசி எண்களை ஏற்படுத்தியது. தென்னகத்து யாத்திரிகர்கள் எத்தனை பேர் அந்த வழியை நம்பியிருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. 2025 ஜூலை 8ஆம் நாள் வெள்ளம் ரசுவாகடியில் நேபாள சீன நட்புப் பாலத்தை அடித்துச் சென்றது. அதே ஆண்டு செப்டம்பரில் காட்மாண்டுப் போராட்டங்களின்போது விமான நிலையமே மூடப்பட்டது. கயிலைப் பயணிகளும் நடுவழியில் தங்க நேர்ந்தது.

இவற்றை எதிர்பாராத விபத்து என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. மழைக்காலத்து இமயத்தில் வழி அடைபடுவது இயல்பு. திரும்பும் விமானச் சீட்டுக்கும் பயணத்தின் கடைசி நாளுக்கும் இடையில் மூன்று நாளாவது இடைவெளி வேண்டும். பத்து நாளுக்குக் கூடுதலான மாத்திரை கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டி வேறு வண்டியில் போய்விடும். குழுவுக்கெனப் பொதுநிதி ஒன்று யுவானிலும் நேபாள ரூபாயிலுமாகக் கையில் இருக்க வேண்டும். ஹெலிகாப்டர் இருக்கைகள் குறைவாகக் கிடைக்கும்போது முதலில் யார் போவது என்ற வரிசையையும் முன்பே எழுதிவைக்க வேண்டும்: நோயுற்றவர், அவர் துணை, முதியவர், பிறகு மற்றவர். பணம் அதிகம் கொடுத்தவர் என்றொரு வகை அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது.

8. குழு அமைப்போர்க்கு

தமிழகத்தின் பல ஊர்களில் சிவனடியார் திருக்கூட்டங்களும் கோயில் அன்பர் குழுக்களும் கயிலைப் பயணத்துக்கு ஆள் சேர்க்கின்றன. மானசரோவர், முக்திநாத் யாத்திரைக்குத் தமிழக அரசு மானியமும் தருகிறது. முன்பணம் வாங்கும் நாளைத்தான் இந்தக் குழுக்கள் முதல் கூட்டமாக வைத்துக்கொள்கின்றன. அந்த வழக்கத்தை மாற்றுங்கள். பணம் வாங்குவதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும், வீட்டார் ஒருவரோடு, கோயில் மண்டபத்துக்கு அழையுங்கள். ஈட்டுறுதி, ஹெலிகாப்டர்ச் செலவு, எரியூட்டுச் சம்மதம் ஆகிய மூன்றையும் தமிழில் எழுதி உரக்கப் படியுங்கள். தங்கும் ஊர்களின் உயரத்தைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். ஊர் மருத்துவர் ஒருவரை மண்டபத்தின் ஓரத்தில் உட்காரவைத்து, வந்திருக்கும் ஒவ்வொருவரும் தம் நோயையும் மாத்திரையையும் அவரிடம் தனியே சொல்ல வழி செய்யுங்கள். அது முடிந்தபின் முன்பணம் வாங்குங்கள்.